எட்டாவது அறைக்குக் கதவில்லை

அந்தக் கட்டடத்தின் முன்பாதி இன்றும் ஆஸ்பத்திரிதான். பின்பாதியில், தரைக்குக் கீழே இருந்த பழைய வார்டை மூடி, சிப் வடிவமைக்கும் கம்பெனி ஒன்றுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். கட்டில்களை எடுத்துவிட்டு மேசைகளைப் போட்டார்கள். சுவரில் எழுதியிருந்த கட்டில் எண்களைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும், மழைக்காலம் வந்தால் ஒன்றிலிருந்து எட்டுவரை மங்கலாக மேலே வந்துவிடும். மருந்து நெடியும் அப்படித்தான். போய்விட்டது என்று நினைக்கும் நாளில் மூக்கில் ஏறும்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, கையில் நனைந்த குடையோடு அவள் படி இறங்கி வந்தாள். இறங்கும்போதே மூச்சு வாங்கியது. நெஞ்சு ஒரு தடவை தடுக்கி, சுதாரித்துக்கொண்டு மறுபடி ஓடியது. முப்பத்து நாலு வயதில் இதெல்லாம் காபி படுத்தும் பாடு என்று சொல்லிக்கொண்டாள். கொஞ்ச காலமாகவே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கம்பெனியில் அவளுக்குப் பெயர் சல்லடை. அடுத்தவர்கள் வடிவமைத்ததில் பிழை கண்டுபிடிப்பது அவள் உத்தியோகம். "சல்லடையில போட்டாச்சா?" என்று கேட்காமல் மேலாளர் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடமாட்டார். அந்தப் பெயரில் அவளுக்கு உள்ளூரப் பெருமை உண்டு. வெளியே மட்டும் கோபித்துக்கொள்வாள்.

சோதனைக்கூடத்தில் அவளுக்காகக் காத்திருந்தவர் ஈயம். சிப்புகளுக்குத் தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளைப் பற்றவைப்பவர். சம்பளப் பட்டியலைத் தவிர வேறு எங்கும் அவருடைய நிஜப்பெயர் கிடையாது. அன்றைக்கு அவர் வழக்கமான கிண்டல் எதையும் தொடங்கவில்லை.

"விசாரணைக்குன்னு வாங்கிட்டுப் போனவங்க எட்டு மாசம் கழிச்சு ஒருவழியா விட்டுட்டாங்கம்மா," என்று ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். "மூடியைத் திறந்து கம்பி பத்தவெச்சுட்டேன். பேட்டரிய கழட்டல. நீங்க சொன்ன மாதிரியே, எப்படி நின்னுச்சோ அப்படியே இருக்கு."

பைக்குள் பெரிய நாணயம் அளவில் ஓர் உலோக வில்லை. இதயம் துடிக்க மறந்தால், உள்ளேயிருந்து மெல்லத் தட்டி ஞாபகப்படுத்தும் கருவி. அது அவளுடைய அண்ணனின் நெஞ்சுக்குள் இருந்தது.

அண்ணன் அதை நெஞ்சில் சுமந்தவன் மட்டுமல்ல, அதன் சிப்பை வடிவமைத்தவனும் அவன்தான். தாளம் தப்பும் இதயம் அவர்கள் குடும்பச் சொத்து. அம்மாவிடமிருந்து அவனுக்கு வந்தது. "சமையல் பண்ணவனே முதல்ல சாப்பிடணும்" என்று, சோதனை முயற்சியில் முதல் ஆளாக அவனே படுத்துக்கொண்டான். அடுத்தது அம்மா. அப்புறம் வெளியாட்கள் இருபத்திரண்டு பேர். ஒரு வருஷம் எல்லாருக்கும் அருமையாக வேலை செய்தது. பிறகு ஒருநாள் காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்த அண்ணன் குளியலறைக் கதவோரம் சரிந்தான். கருவி ஏன் தட்டவில்லை என்று யாருக்கும் தெரியவில்லை.

இப்போது மேலாளருக்கு வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை வேண்டும். அவளுக்கு வேண்டியது வேறு. அதே சிப் அம்மாவின் நெஞ்சில் இருக்கிறது.

மூலையில் செம்புக் கம்பிவலை போர்த்திய சின்ன அறை ஒன்று உண்டு. சிப் தூங்கும்போது இழுக்கும் மின்சாரம் அவ்வளவு நுணுக்கமானது. பக்கத்தில் ஒரு குழல்விளக்கு எரிந்தாலே அளவு கெட்டுவிடும். அதனால் செல்போனை வெளியே வைத்து, விளக்கை அணைத்து, கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் உட்கார்ந்துதான் அளக்க வேண்டும். அந்த அறையின் சுவரில் இருந்த கட்டில் எண் எட்டு.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். திரையின் வெளிச்சம் தவிர வேறு வெளிச்சமில்லை.

சிப்புக்குள் ஒரு கடிகாரம் உண்டு. மணி காட்டுகிற கடிகாரம் இல்லை, நொடிக்கு ஆயிரக்கணக்கில் விடாமல் தட்டும் துடிப்பு. அது தட்டினால்தான் சிப் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு நகரும். ஒவ்வொரு தட்டலுக்கும் பேட்டரியில் ஒரு துளி செலவு. இதயம் ஒழுங்காக ஓடும்போது சிப்புக்கு நகர வேண்டிய அவசியமே இல்லை, அப்போது எதற்கு வீணாகத் தட்டவேண்டும்? அதனால் கடிகாரத்துக்கும் சிப்புக்கும் நடுவில் அண்ணன் ஒரு கதவு வைத்தான். நகர வேலையில்லையென்றால் கதவு மூடிக்கொள்ளும், வேலை வந்தால் திறக்கும். மூன்று வருஷம் வரவேண்டிய பேட்டரி அதனால் பன்னிரண்டு வருஷம் வரும்.

நிலை என்று மற்றவர்கள் சொல்வதை அவன் அறை என்பான். தூங்கும் அறை, கேட்கும் அறை, காத்திருக்கும் அறை, தட்டும் அறை என்று மொத்தம் ஏழு. ஏழு அறைகளுக்கு எண் போட மூன்று பிட், அதாவது ஒன்றோ பூஜ்யமோ நிற்கும் மூன்று இடம் வேண்டும். மூன்று பிட்டில் எட்டு எண்கள் வந்துவிடும். ஆக, யாரும் குடியில்லாத எட்டாவது அறை ஒன்று தானாக மிஞ்சியது. அங்கே போக எந்த அறையிலிருந்தும் வழி கிடையாது.

அவள் சிப்பின் நிலையை வாசித்தாள்.

எட்டு.

மறுபடி வாசித்தாள். எட்டு. கடிகாரத்தின் கதவு மூடியிருந்தது. கடைசியாக மூடிய தேதியும் நேரமும் இருந்தன. அண்ணன் சரிந்த அதே காலை, ஆறு மணி நாற்பது நிமிடம்.

எப்படி அங்கே போயிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆகாயத்திலிருந்து வரும் துகள் ஒன்று பட்டாலும் போதும், பேட்டரி ஒரு கணம் தள்ளாடினாலும் போதும், ஒரு பிட் புரண்டுவிடும். கோடியில் ஒரு தடவை நடப்பது. ஏன் திரும்பி வரவில்லை என்பதும் தெரியும். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அண்ணன் முதலில் அந்த அறைக்கு ஒரு வரி எழுதியிருந்தான்: 'வேறு எங்காவது இருந்தால், தூங்கும் அறைக்குத் திரும்பு.' அவளுடைய வேலையில் ஒரு கணக்கு உண்டு. அவள் எழுதும் சோதனைகள் வடிவமைப்பின் எத்தனை வரிகளைத் தொட்டன என்று கருவி சதவீதம் காட்டும். நூறு வந்தால்தான் சிப் தொழிற்சாலைக்குப் போகும். கடைசி நாளில் அது தொண்ணூற்று ஒன்பது புள்ளி ஆறில் நின்றுவிட்டது. தொடப்படாமல் மிஞ்சியது அந்த ஒரே வரி. யாரும் போக முடியாத அறையின் வரியை எந்தச் சோதனை தொடும்?

"அந்த வரிய எடுத்துடுண்ணா," என்றாள் அன்று. "ஒரு வரிக்காக மொத்த ஆபீஸும் உக்காந்திருக்கு."

"யாரும் போகாத ரூமா இருந்தாலும் ஒரு கதவு இருக்கட்டுமே," என்றான் அவன்.

"நூறு வரணும். என் பேருக்கு இதுவரைக்கும் தொண்ணூத்தொம்பது போனதில்ல."

அவன் சிரித்துவிட்டு வரியை அழித்தான். வழி சொல்லாமல் விட்ட அறையை, மின்சுற்றுகளைக் கோக்கும் மென்பொருள் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொண்டது: எட்டில் இருந்தால் எட்டிலேயே இரு. நகர வேலையில்லை, ஆகவே கதவை மூடு. கதவு மூடினால் கடிகாரம் இல்லை. கடிகாரம் இல்லையென்றால் யார் வந்து திறப்பது?

அவள் இருட்டில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் மின்னோட்டக் கோடு படுத்துக் கிடந்தது. செத்த சிப்பின் கோடு அப்படித்தான் இருக்கும்.

கோடு எழும்பியது.

சின்னதாக ஒரு முள். உடனே இன்னொன்று. பிறகு ஓர் இடைவெளி. பிறகு ஒன்று.

மீட்டரின் கோளாறாக இருக்கும் என்று கம்பிகளைச் சரிபார்த்தாள். கடிகாரம் நின்ற சிப்பில் எதுவும் நகர முடியாது. அது இயற்கையின் சட்டம் மாதிரி.

இரண்டு. இடைவெளி. ஒன்று.

காற்றில் ஏதோ வாசனை. மருந்து நெடி இல்லை. தொண்டைக்கு இதமாகச் சப்பும் புதினா மிட்டாய். அண்ணனின் சட்டைப்பையில் எப்போதும் நாலைந்து கிடக்கும்.

இரண்டு. இடைவெளி. ஒன்று.

அந்தத் தட்டலை அவள் எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். அவர்கள் வளர்ந்த வீட்டில் ஒரே குளியலறை. பள்ளிக்கூட நாட்களில் அவள் உள்ளே போனால் லேசில் வரமாட்டாள். வெளியே நின்று அண்ணன் அப்படித்தான் தட்டுவான். இரண்டு, கொஞ்சம் பொறுமை, அப்புறம் ஒன்று. வெளியே வா என்று அர்த்தம்.

"அம்மா," என்று கம்பிவலைக் கதவுக்கு வெளியே ஈயத்தின் குரல் கேட்டது. "ஏதாச்சும் வேணுமா? எதுக்குத் தட்டுறீங்க?"

அவளுடைய இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

"நான் தட்டல சார்."

ஈயம் கம்பிவலைக்கு இன்னும் அருகில் வந்தார். "அப்போ முந்தாநேத்து நான் கம்பி பத்தவெச்சப்ப கேட்டதும் இதுதான்," என்றார் தணிந்த குரலில். "வயசாகுதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவள் மீட்டரை அணைத்தாள். கம்பிகளைப் பிடுங்கினாள். கருவியைப் பையில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

இழுப்பறைக்குள்ளிருந்து கேட்டது.

இரண்டு.

ஒன்று.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டாள். அம்மா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணனுடைய சட்டை ஒன்றும் அதில் இருந்தது. அம்மா அதை மாதம் ஒருமுறை துவைத்து மடித்து அலமாரியில் வைப்பாள். யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

அவள் எதிரே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். மத்தியானம், சிப் எட்டில் நிற்கிறது என்று கேட்டதும் மேலாளர் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொல்லியிருந்தார்: "எட்டாவது நிலைக்குப் போக முடியாதுன்னு கையெழுத்துப் போட்டது நீ. சிப்ப வடிவமைச்சது உங்க அண்ணன். அவர் இப்ப இல்ல. யோசிச்சு எழுது." அதாவது, பழியைத் தூக்கி இறந்தவன் தலையில் வை. இல்லாவிட்டால் குறையே இல்லை என்று எழுது. அவள் இரண்டாவதை எழுதி வைத்திருந்தாள். இரண்டே வரி. அனுப்பும் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. உண்மையைச் சொன்னால் வேலை போகும், அது பெரிசில்லை. அண்ணனைக் கொன்றது யார் என்று அம்மாவுக்குத் தெரிந்துபோகும். அதுதான் அவளைத் தின்றது.

"ஏன்டி முகம் இப்படி இருக்கு?" என்றாள் அம்மா.

"தலைவலிம்மா."

"டாக்டர்கிட்ட நீயும் ஒரு தடவ காட்டிக்கோன்னு எட்டு மாசமா சொல்றேன். குடும்பத்துல இருக்கறதாச்சே."

"எனக்கு ஒண்ணுமில்ல. நீ எப்படி இருக்க?"

அம்மா துணியை வைத்துவிட்டு நெஞ்சில் கையை வைத்தாள். "நல்லாத்தான் இருக்கேன். ஒரு பத்து நாளா இது தட்டறது எனக்குத் தெரியுது. முன்னாடியெல்லாம் தெரியாது."

"எப்படித் தட்டுது?"

அம்மா விரலால் மேசைமேல் தட்டிக் காட்டினாள்.

இரண்டு. கொஞ்சம் பொறுமை. ஒன்று.

செவ்வாய்க்கிழமை காலை அம்மாவை ஆட்டோவில் ஏற்றிச் சோதனைக்கூடத்துக்கே கூட்டி வந்தாள். மார்பின் மேல் வைத்தால் தன் சக்தியிலேயே உள்ளே இருக்கும் சிப்பை வாசிக்கும் கருவி அங்கேதான் இருந்தது. அம்மா படிகளில் மெதுவாக இறங்கினாள். ஈயம் நாற்காலி போட்டார்.

"காலையிலேர்ந்து இழுப்பறை ஓயல," என்று அவளுடைய காதருகே சொன்னார். "உங்கம்மா வாசப்படி தாண்டினதும் கப்புனு நின்னுடுச்சு."

அவள் வாசிப்பானை அம்மாவின் இடது தோளுக்குக் கீழே வைத்தாள். திரையில் எழுத்துகள் வந்தன.

நிலை: எட்டு.

கடிகாரம்: நின்றது. பதினோரு நாட்களுக்கு முன்.

பதினோரு நாளாக அம்மாவின் நெஞ்சிலும் கதவில்லாத அறையில் சிப் அடைபட்டுக் கிடக்கிறது. அது தட்ட முடியாது. தட்டவே முடியாது. ஆனால் கீழே இன்னொரு கோடு ஓடிக்கொண்டிருந்தது. இதயத்துக்குப் போகும் துடிப்புகளின் கோடு. அதில் முட்கள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்தன.

இரண்டு, ஒன்று. இரண்டு, ஒன்று.

அம்மா திரையைப் பார்க்கவில்லை. மூக்கை உறிஞ்சினாள்.

"புதினா வாசனை," என்றாள். பிறகு, அதிராத குரலில், "அவன் வேலை பார்த்த இடமா இது?"

"ஆமாம்மா."

"இப்பவும் பார்க்கறானா?"

அவள் தரையில் உட்கார்ந்தாள். அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். நூறு சதவீதம், அந்த ஒரு வரி, அவன் வேண்டாம் என்றது, தான் பிடிவாதம் பிடித்தது. ஈயம் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அம்மாவின் கை அவள் தலைமேல் கனமாக இருந்தது. அது வருடவில்லை, விலகவும் இல்லை.

"இன்னும் இருபத்திரண்டு பேர் இருக்காங்கன்னு சொன்னியே," என்றாள் அம்மா கடைசியில். "அவங்களுக்கு யார் தட்டுவா? அவன் ஒருத்தன் எத்தனை இடத்துக்கு ஓடுவான்? எழுந்திரு. போய்ச் சொல்லு."

அவள் எழுந்தாள். இரண்டு வரி அறிக்கையை அழித்தாள். அன்று வாயால் சொன்னதையே எழுத்திலும் கேட்டிருந்த தன் பழைய மின்னஞ்சலையும், அண்ணனின் பதிலையும், தன் கையெழுத்தையும் இணைத்து, மேலாளரிலிருந்து முன்பாதியில் இருந்த இதய டாக்டர்வரை எல்லாருக்கும் அனுப்பினாள். 'இருபத்து மூன்று பேருக்கும் உடனே மாற்ற வேண்டும். தவறு என்னுடையது' என்று எழுதியிருந்தாள். மேலாளர் பத்து நிமிடத்தில் போன் செய்தார். அவள் எடுக்கவில்லை. டாக்டர் ஐந்து நிமிடத்தில் நேரிலேயே படி இறங்கி வந்துவிட்டாள். திரையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் சக்கர நாற்காலிக்கு ஆள் அனுப்பினாள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு அறுவைச் சிகிச்சை. மூன்றரைக்கு டாக்டர் வெளியே வந்தாள். முகக்கவசத்தை இறக்கிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அம்மா நல்லா இருக்காங்க. வேற கம்பெனி கருவி வெச்சாச்சு, ஓடுது."

"நன்றி டாக்டர்."

"நடுவுல ஒண்ணு நடந்துச்சு. பழசைக் கழட்டும்போது தற்காலிகமா ஒரு வயர் போட்டிருப்போம். சரியா அந்த நேரம் பார்த்து அது நழுவிடுச்சு. புதுசு இன்னும் மாட்டல. பதினோரு செகண்ட், அவங்க இதயத்தைத் தட்டிவிட எதுவுமே இல்ல."

"அப்புறம்?"

"துடிச்சுது." டாக்டர் தன் விரலால் சுவரில் தட்டினாள். இரண்டு, பிறகு ஒன்று. "ட்ரேயில கழட்டிப் போட்டிருந்த பழைய கருவிலேர்ந்து சத்தம் வந்துச்சுன்னு நர்ஸ் சொல்றாங்க. நான் குறிப்புல எழுதல. எழுதினா என்னைத்தான் படுக்க வெப்பாங்க." போகத் திரும்பியவள் நின்றாள். "நீங்களும் ஒரு நாள் வந்து காட்டுங்க. தள்ளிப்போடாதீங்க."

"வரேன் டாக்டர்," என்றாள். வழக்கம்போலத் தள்ளிப்போட்டாள்.

மீதி இருபத்திரண்டு பேருக்கும் மாற்றி முடிக்க ஆறு வாரம் ஆனது. அதில் இரண்டு பேரின் சிப் எட்டாவது அறையில் கிடந்தது. ஒருவர் தையல்காரர், இன்னொருவர் பள்ளிக்கூட ஆசிரியை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. எப்படி உயிரோடு இருந்தீர்கள் என்று யாரும் அவர்களிடம் நேராகக் கேட்கவில்லை. ஆசிரியை மட்டும் தானாகச் சொன்னாள், உள்ளே யாரோ பொறுமையாகக் கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது என்று.

அவளுடைய வேலை போகவில்லை. பிழையைத் திருத்தத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பதால் இருக்கட்டும் என்று விட்டார்கள். சல்லடை என்று மட்டும் இப்போது யாரும் கூப்பிடுவதில்லை.

கடைசிக் கருவியும் வந்து சேர்ந்த அன்று காலை, அவள் கம்பிவலை அறையில் உட்கார்ந்து அண்ணனின் வரியை மறுபடி எழுதினாள். ஓர் எழுத்துகூட மாற்றவில்லை. 'வேறு எங்காவது இருந்தால், தூங்கும் அறைக்குத் திரும்பு.' பழைய சோதனைகளையே திரும்ப ஓடவிட்டாள். தொண்ணூற்று ஒன்பது புள்ளி ஆறு வரும். வரட்டும். அந்த எண்ணோடு இனிமேல் கையெழுத்துப் போடுவது என்று தீர்மானித்திருந்தாள்.

பக்கத்தில் தட்டில் இருபத்து நான்கு வில்லைகள் இருந்தன. ஈயம் எல்லாவற்றிலிருந்தும் பேட்டரியை எடுத்திருந்தார். மூன்று வாரமாகத் தட்டில் சத்தமே இல்லை. அண்ணனுடையதும் அமைதியாகிவிட்டது. அவளுக்கு அது நிம்மதியா ஏக்கமா என்று சொல்லத் தெரியவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஓட்டம் முடிந்தது.

நூறு சதவீதம்.

அவள் திரையை உற்றுப் பார்த்தாள். இது வெறும் மென்பொருள். இங்கே ஆகாயத்துத் துகள் வராது, பேட்டரி தள்ளாடாது, எந்தச் சோதனையும் எட்டாவது அறைக்குப் போகாது. அந்த வரியைத் தொட யாராலும் முடியாது. விவரப் பட்டியலைத் திறந்தாள். ஒவ்வொரு நிலைக்குள்ளும் எத்தனை தடவை போனது, எத்தனை தடவை வெளியே வந்தது என்று அதில் இருக்கும்.

எட்டாவது நிலை.

உள்ளே: நான்கு.

வெளியே: மூன்று.

அம்மா. தையல்காரர். ஆசிரியை. அவள் விரல்விட்டு எண்ணினாள். நான்காவது விரலில் நின்றாள்.

"கதவு வெச்சாச்சுண்ணா," என்றாள் இருட்டில். "போதும். நீயும் வெளிய வந்துடு."

காது கொடுத்துக் கேட்டாள். தட்டில் சத்தமில்லை. மீட்டரின் கோடு படுத்துக் கிடந்தது. புதினா வாசனை மட்டும் வந்தது, மிக அருகில், தோளுக்குப் பின்னால் யாரோ குனிந்து திரையைப் பார்க்கிற மாதிரி.

பிறகு கேட்டது.

இரண்டு. இடைவெளி. ஒன்று.

கம்பிவலைக் கதவு திறந்தது. ஈயம் நின்றார். "அம்மா, மறுபடி ஆரம்பிச்சுடுச்சா?"

"சார், எந்தக் கருவின்னு பாருங்க. எனக்குச் சரியா தெரியல."

அவர் தட்டின் மேல் குனிந்து ஒவ்வொரு வில்லையாகக் காதில் வைத்தார். தலையை ஆட்டினார். மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தார். சுவரில் எட்டு என்று தெரிந்த இடத்தில் காதை வைத்தார். கடைசியில் மெல்லத் திரும்பி, அவளுக்கு எதிரே வந்து அப்படியே நின்றுவிட்டார்.

"தட்டுல இல்லம்மா," என்றார். "உங்ககிட்டேர்ந்துதான் வருது."

அவள் இடது மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தாள்.

இரண்டு.

எதுவுமில்லை. இருக்க வேண்டியதைவிட நீளமான இடைவெளி. கண் லேசாக இருட்டியது.

ஒன்று.

அவளுடைய நெஞ்சில் எந்தக் கருவியும் கிடையாது.

ஈயம் கை கொடுக்க முன்னால் வந்தார். அவள் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, குடையைக்கூட எடுக்காமல், கட்டடத்தின் முன்பாதியில் இருந்த டாக்டரின் அறையை நோக்கி நடந்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். ஒவ்வொரு இடைவெளியிலும் நின்று காத்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் அவன் தட்டிய பிறகுதான் அடுத்த படியில் காலை வைத்தாள்.